வந்த வரிசை

ஆளைப் பார்த்ததும் ஸுஹைபுக்கு முதலில் வருவது சலாம் அல்ல, சந்தேகம். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வேலை கேட்டு வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் காதில் பூ சுற்ற வந்தவர்கள் என்பது அவன் தீர்மானம். அதற்கு அவனிடம் ஆதாரமும் இருந்தது. ஒருவன் கம்பளித் தொப்பிக்குள் காதுக்கருவி வைத்துக்கொண்டு வந்தான். இன்னொருவன் வீடியோவில் கணீர் கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மேசைக்கு அடியிலிருந்து யாரோ தும்மினார்கள். "பூனை" என்றான் அவன். பூனை இரண்டாம் முறை தும்மிவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றது.

ஆனால் இவர்களையெல்லாம்கூட அவன் மன்னித்துவிடுவான். மன்னிக்காதது சிபாரிசை. ஜோர்டானின் தலைநகரான அம்மானில் சிபாரிசு இல்லாமல் மின்சார மீட்டர்கூட நகராது. மருத்துவமனைக் கட்டிலோ பள்ளிக்கூட இடமோ, எதற்குப் போய் நின்றாலும் முதல் கேள்வி, "அங்க உனக்கு யாரு இருக்கா?" என்பதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஸுஹைப் தன் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தான்:

'உங்களுக்காக யாராவது பேசினால், உங்கள் பெயர் அடிக்கப்படும். யார் பேசினாலும்.'

கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு. வந்தவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். அவன் தன் சொந்தச் சித்தப்பா மகனின் பெயரையே அடித்த பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று குடும்பத்துக்குத் தெரிந்தது. மூன்று பெருநாளாகச் சித்தப்பா அவன் வீட்டுப் படி ஏறவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் ஸுஹைபின் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருக்கும். மூன்று வருடத்தில் அப்படிப் பதினேழு பேரை அடித்திருக்கிறான். கணினியில் அதற்கென்று ஒரு தாள் வைத்திருந்தான். யார் பேசினார், யாருக்காகப் பேசினார், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எல்லாமே அதில் இருக்கும்.

இதற்கிடையே அணியில் ஒரு நாற்காலி நான்கு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அணித் தலைவி லுப்னாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"இந்த வியாழக்கிழமைக்குள்ள ஒரு ஆள் வேணும் ஸுஹைப். இல்லேன்னா ஆள் எடுக்கிற வேலைய துபாய் தலைமை ஆபீஸ்ல இருக்கிறவங்களே பாத்துக்குவாங்களாம். உன் சிவப்புக் கோட்ட நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் குளிர்சாதனப் பெட்டில ஒட்டிக்க."

"திருடன எடுக்கச் சொல்றியா?"

"மனுஷன எடுக்கச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தவள் பெயர் ரனீம். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். வெளியே மழை. நனைந்த மேல்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்காரப் போனவள், உட்காராமல் திரும்பிப் போய்க் கதவிலிருந்த தாளை நின்று படித்தாள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

"உஸ்தாத், இத நெஜமாவே கடைப்பிடிக்கிறீங்களா?"

"என் சித்தப்பா மகனக் கேட்டுப் பாருங்க."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மடியில் கனமிருக்கிறவர்கள்தான் இதைக் கேட்பார்கள் என்று ஸுஹைப் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

விண்ணப்பத்தைப் புரட்டினான். பெயர் 'ரனீம் யூசுஃப்' என்று இருந்தது, அவ்வளவுதான். தன் பெயர், தகப்பன் பெயர். குடும்பப் பெயரைக் காணோம். குடும்பப் பெயரை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஊரில் இவள் ஏன் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள்? பல்கலைக்கழகம் முடித்த பிறகு இரண்டு வருடம் வெற்றாக வேறு கிடந்தது.

"இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?"

"வேலை பாத்தேன்."

"எங்க?"

"அத எழுத வேண்டாம்னு நெனச்சேன் உஸ்தாத். அது எனக்குப் பெருமையா இல்ல."

லுப்னா புருவத்தை உயர்த்தினாள். ஸுஹைபுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கேள்விகளை ஆரம்பித்தான். முதலில் அவன் வழக்கமாக வைக்கும் பொறி. ஒரு சின்னச் செயல்கூறு, அதன் உள்ளீட்டுக்கு இயல்பு மதிப்பாக ஒரு காலிப் பட்டியல். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் பட்டியல் காலியாகத்தான் இருக்கும் என்று பத்தில் எட்டு பேர் நம்பி விழுவார்கள்.

"காலியா இருக்காது. போன தடவை போட்டது உள்ளயே தங்கிடும்," என்றாள் அவள். "பைத்தான் அந்தப் பட்டியல ஒரே ஒரு தடவைதான் உருவாக்கும். எல்லா அழைப்புக்கும் அதே பட்டியல்தான்."

சரி. இதை யாரும் மனப்பாடம் செய்துவிட்டு வரலாம். அடுத்தது அவன் சொந்தக் கேள்வி. வாடிக்கையாளர்கள் கொடுத்த கைபேசி எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரே எண் பல முறை வருகிறது. சிலர் ஏழு ஒன்பதில் தொடங்குகிறார்கள், சிலர் முன்னால் சுழியம் போடுகிறார்கள், சிலர் நாட்டின் எண்ணோடு. திரும்பத் திரும்ப வருவதை நீக்கி, வந்த வரிசை மாறாமல் ஒரு பட்டியல் தர வேண்டும். இதற்கு உள்ளே இன்னொரு குழி வெட்டி வைத்திருந்தான். வயதானவர்கள் எண்களை அரபு எழுத்தில் எழுதுவார்கள். கண்ணுக்கு ஒரே எண், கணினிக்கு இரண்டு வேறு எழுத்துச் சரங்கள். அந்த இரண்டாம் கோப்பை முதல் விடை முடிந்த பிறகுதான் வெளியே எடுப்பான். மூன்று வருடமாக யாரும் அதை முன்கூட்டியே கேட்டதில்லை.

ரனீம் விசைப்பலகையில் கை வைத்துவிட்டு எடுத்தாள்.

"அரபு எண்கள்லயும் வருமா உஸ்தாத்? பைத்தான் அதையும் எண்ணா மாத்திக்கும். ஆனா எழுத்தா வச்சு ஒப்பிட்டா ரெண்டும் ஒண்ணுன்னு தானா சொல்லாது."

ஸுஹைப் நாற்காலியில் நிமிர்ந்தான். கேள்வி வெளியே போயிருக்கிறது. யாரோ விற்றிருக்கிறார்கள்.

"இத யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. இந்த மாதிரி படிவங்கள நான் பாத்திருக்கேன்."

"எங்க பாத்தீங்க?"

"சொன்னேனே, வேலை பாத்த எடத்துல."

"பேர் இல்லாத எடத்துல," என்றான் ஸுஹைப்.

அவள் நிரலை எழுதினாள். எழுதுகிற விதம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வரியில் எல்லா எண்களையும் 'செட்' எனப்படும் கணத்தில் போட்டு அள்ளிவிட்டாள். கணத்தில் போட்டால் இரட்டைகள் தொலையும், கூடவே வரிசையும் கலைந்துபோகும். ஸுஹைபுக்கு அப்பாடா என்றிருந்தது.

"தப்பு," என்றான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். "வந்த வரிசை போச்சு. யாரு மொதல்ல வந்தாங்கன்னு தெரியலேன்னா இந்தப் பட்டியல வச்சு நான் என்ன செய்ய? கேள்வியில சொல்லியிருக்கேன், படிக்கலையா?"

இப்படிச் சொன்னால் சிலர் சிவந்துபோவார்கள், சிலர் வாதாடுவார்கள். அறைக்குள் வந்ததிலிருந்து இறுக்கமாக உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணோ முகமெல்லாம் மலர்ந்து சிரித்தாள்.

"ஆமா உஸ்தாத். தப்புதான். நான் கவனிக்கல. இருங்க, திருத்திடறேன்."

ஒரு வரியை மாற்றினாள். பைத்தானின் அகராதி அமைப்பில் போட்டு எடுத்தாள், வரிசை நின்றது. போகும்போது நனைந்த கோட்டை மாட்டிக்கொண்டே, "நன்றி உஸ்தாத். தப்பச் சொன்னதுக்கு," என்றாள்.

கதவு சாத்தியதும் லுப்னா திரும்பினாள். "எடுத்துக்கலாம். இன்னைக்கே."

"தப்புன்னு சொன்னா சிரிக்கிறா. குடும்பப் பேர ஒளிக்கிறா, ரெண்டு வருஷத்த ஒளிக்கிறா. என் கேள்வி அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. உனக்கு ஒண்ணுமே உறுத்தலையா?"

"உறுத்துது. நீதான் உறுத்துற."

"எனக்கு ஒரு நாள் குடு. விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

விசாரிக்கிறது என்றால் அம்மானில் அதற்கு ஒரே வழிதான். 'யார் வீட்டுப் பொண்ணு' என்று கேட்பது. ஸுஹைப் மாடிப்படியில் நின்றுகொண்டு மஃமூனை அழைத்தான். மஃமூன் அவன் மனைவியின் தம்பி, வங்கியில் வேலை. ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவன். அவன் வாயில் ஒரு செய்தி விழுந்தால், அவன் கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் அது மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். அது ஸுஹைபுக்கும் தெரியும். தெரிந்துதான் அழைத்தான்.

"மச்சான், ரனீம் யூசுஃப்னு ஒரு பொண்ணு. கம்ப்யூட்டர் படிச்சது. யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா ஒரு பொண்ணப் பத்திக் கேக்குற. அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"அட, வேலைக்கு வந்திருக்கா மச்சான். வேற ஒண்ணும் இல்ல."

"அப்படிச் சொல்லு. இரு, கேட்டுட்டு வரேன்."

ஒரு மணி நேரத்தில் மஃமூன் திரும்ப அழைத்தபோது அவன் குரலே மாறியிருந்தது.

"அடேய் மச்சான், உனக்கு அதிர்ஷ்டம்டா! அது அபு நிஸார் பொண்ணு!"

மகன் நிஸாரின் பெயரால் ஊர் அழைக்கும் அந்த யூசுஃபை, அபு நிஸாரைத் தெரியாதவர் அம்மானில் உண்டா? அமைச்சகத்தில் இருபது வருடம் செயலாளராக இருந்தவர். அவர் ஒரு போன் செய்தால் போதும், பூட்டிய கதவு திறக்கும். பாதி ஊரின் பிள்ளைகள் அவர் பேசித்தான் வேலையில் உட்கார்ந்தார்கள். மஃமூனும் அதில் ஒருவன்.

"எங்க பேங்க்லதான் அவ ரெண்டு வருஷம் இருந்தா. என் மாடிக்கு மேல் மாடி. ராணி மாதிரி வச்சிருந்தாங்க. ஒரு நாள் யாருகிட்டயும் சொல்லாம விட்டுட்டுப் போயிட்டா. என்ன கோளாறோ தெரியல. எப்படியோ, நீ பாத்து எடுத்துக்கடா. அந்த மனுஷன் எனக்குச் செஞ்சதுக்கு நான் இன்னும் ஒண்ணும் திருப்பிச் செய்யல."

"மச்சான், என் ரூல் உனக்குத் தெரியும்ல?"

"ரூலா? அபு நிஸார் பொண்ணுக்கா?" மஃமூன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஸுஹைப் போனை வைத்தபோது அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தான் நினைத்தது சரியாகப் போகும்போது வருகிற சந்தோஷம் அது. அதில் கொஞ்சம் அற்பத்தனமும் உண்டு. பெயரை ஏன் ஒளித்தாள் என்று தெரிந்துவிட்டது. வங்கியில் ஏதோ தில்லுமுல்லு செய்திருப்பாள், அப்பா பெயரைச் சொல்லித் தப்பியிருப்பாள், இப்போது பெயரை மறைத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கிறாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. மஃமூன் சொன்னதைத் தாளில் குறித்தாயிற்று; இனிப் பெரிய ஆட்களின் சிபாரிசு வர வேண்டும். வராமல் எங்கே போகும்?

புதன்கிழமை காலை எள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்த நேரத்தில் அன்றைய முதல் அழைப்பு வந்தது. அலுவலகக் கட்டடத்தின் சொந்தக்காரர் அபு ராஷித். வாடகைக்காகக்கூட நேரில் பேசாதவர்.

"ஸுஹைப், நம்ம அபு நிஸார் பொண்ணு உங்ககிட்ட வந்திருக்காளாமே. தங்கமான பொண்ணு. பாத்துக்கப்பா."

ஸுஹைப் ரொட்டியை வைத்துவிட்டுத் தாளைத் திறந்து எழுதினான். எழுதி முடிப்பதற்குள் அவனுடைய பல் மருத்துவர் அழைத்தார். அப்புறம் அவன் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை. அப்புறம் அவன் மாமனார், எப்போதும் பேசாத பணிவான குரலில். மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனால், செருப்பைக் கழற்றும் இடத்தில் ஒரு பெரியவர் தோளைத் தொட்டு, "அந்தப் பொண்ணு விஷயம்..." என்றார். சாயங்காலம் அவனைப் பெற்ற தாயே அழைத்தாள். பக்கத்து வீட்டு உம் காசிம் சொன்னாளாம்.

"உன் அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப கட்டில் வாங்கிக் குடுத்தது யாருன்னு உனக்குத் தெரியுமாடா?"

"அம்மா, நீயுமா?"

"நானும்தான். வானத்துல இருந்தா குதிச்சேன்?"

ஆக மொத்தம் பதினொரு பேர். ஒருவர் பெயர் விடாமல் எழுதினான். அதுவும் எப்படி? ஆளின் மதிப்புக்குத் தக்கபடி அடுக்கினான். கட்டடத்துக்காரர் மேலே, மருத்துவர் அதற்குக் கீழே, தலைமையாசிரியை, மாமனார் என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் மஃமூன். எவ்வளவு பெரிய ஆட்கள் சொல்லியும் தான் அசையவில்லை என்று பார்க்க அவனுக்கு அந்த அடுக்கு பிடித்திருந்தது. லுப்னாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியா? ரெண்டே நாள்ல பதினொண்ணு. என் கணக்குல இது சாதனை."

லுப்னா திரையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவ விண்ணப்பம் போட்டு ஒரு மாசம் ஆச்சு ஸுஹைப். இந்த ஒரு மாசத்துல யாராவது பேசினாங்களா?"

"இல்ல."

"செவ்வாய்க்கிழமை காலைல?"

"இல்ல. அதனால என்ன? கெட்டிக்காரத்தனம். தேர்வு முடியற வரைக்கும் காத்திருந்து பேச வச்சிருக்கா."

லுப்னா தன் மேசைக்குப் போய்விட்டாள். அவள் கேட்டது ஸுஹைபின் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. இறங்கவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கே உள்ளூரத் தெரிந்திருக்கும்போல.

வியாழக்கிழமை காலை, அழைக்காமலே ரனீம் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. லுப்னா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"உஸ்தாத், நேத்து எங்க வீட்டுக்கு மூணு பேர் இனிப்பு கொண்டுவந்தாங்க. வேலை கெடச்சுடுச்சாம், வாழ்த்துச் சொல்ல வந்தாங்களாம். நான் இங்க வந்தது என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. யாருக்கும் சொல்லல. நீங்க யாருகிட்ட என்ன கேட்டீங்க?"

"நான் கேட்டது இருக்கட்டும். பேங்க்ல என்ன நடந்துச்சு? ஏன் மறைச்சீங்க?"

"அதுவும் கேட்டாச்சா?" அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி, சொல்றேன். அங்க ஒண்ணுமே நடக்கல உஸ்தாத். அதுதான் நடந்துச்சு. நான் எழுதுற நிரல யாரும் படிக்கவே மாட்டாங்க. மத்தவங்க எழுதினா வரிக்கு வரி கிழிப்பாங்க. என்னுது மட்டும் போன அஞ்சு நிமிஷத்துல, மாஷா அல்லாஹ், பிரமாதம்னு வரும். எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒரு நாள் வேணும்னே ஒரு தப்பப் போட்டு அனுப்பினேன். சின்னத் தப்பு இல்ல, முதல் வருஷம் படிக்கிற பிள்ளை கண்டுபிடிக்கிற தப்பு. கூட்டல் வேண்டிய எடத்துல கழித்தல். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. பிரமாதம், அப்பாவுக்கு சலாம் சொல்லு."

லுப்னா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். ரனீம் உட்காரவில்லை.

"நானே அதத் திருத்திட்டு அன்னைக்கே ராஜினாமா குடுத்தேன். எனக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியாமப் போச்சு உஸ்தாத். அத ஒருத்தர் சொல்லணும். எங்க அப்பா யாருன்னு தெரியாத ஒருத்தர். செவ்வாய்க்கிழமை நீங்க என்னைப் பாத்து 'தப்பு'ன்னு சொன்னீங்க. ரெண்டு வருஷத்துல அதுதான் மொதல் தடவை. மழையில வீடு வரைக்கும் நடந்தே போனேன், தெரியுமா? அவ்ளோ சந்தோஷம்."

ஸுஹைபுக்கு முகம் கொதித்தது. இருந்தாலும் கையில் ஆதாரம் இருக்கிறதே. திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"சரி, நான் நம்புறேன்னே வச்சுக்குங்க. இவங்க பதினொரு பேரும் எப்படி வந்தாங்க? நீங்க சொல்லாம, உங்க அப்பா சொல்லாம?"

அவள் குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்து, தேர்வு நடத்துகிறவளைப் போல அவனைப் பார்த்தாள்.

"தப்பு, உஸ்தாத். வந்த வரிசை போச்சு. நேரத்த வச்சு அடுக்குங்க."

லுப்னாதான் வந்து சுட்டியைப் பிடித்தாள். ஒரு தட்டு. பெயர்கள் இடம் மாறின. கட்டடத்துக்காரர் கீழே போனார், மருத்துவர் கீழே போனார், அவன் தாய் அடிமட்டத்துக்குப் போனாள். கடைசியில் கிடந்த மஃமூன் எழும்பி வந்து தலைமாட்டில் நின்றான். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது.

"இவர் யாரு?"

"என் மச்சான்."

"அவர் உங்களுக்குப் பேசினாரா, நீங்க அவருக்குப் பேசினீங்களா?"

பன்னிரண்டு நாற்பதுக்கு மாடிப்படியில் நின்று தான் செய்த அழைப்பு ஸுஹைபின் கண்முன் வந்தது. அது தாளில் இல்லை. அவன் அதை எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அபு நிஸாருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் ஊர் முழுக்க வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்தார்கள். எங்கே போய்ப் பேசினால் புண்ணியம் என்று அவர்களுக்கு வழி காட்டியவன் அவன்தான்.

"நான்தான் பேசினேன்," என்றான். எழுந்து நேராகக் கதவுக்குப் போய்த் தாளின் ஒரு மூலையைப் பிடித்தான். "இத இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். வேலை உங்களுக்குத்தான். நீங்க செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. லுப்னாவும் அன்னைக்கே சொன்னா."

"கிழிக்காதீங்க!"

அவள் கத்தியதில் அவன் கை நின்றுவிட்டது.

"மூணு வருஷமா யாருக்கும் கிழிக்காதத எனக்காகக் கிழிச்சா அதுக்கு என்ன பேரு உஸ்தாத்? நாளைக்கு நான் இங்க உக்காந்தா, வெளியில இருக்கிறவங்க என்ன சொல்வாங்க? பதினொரு பேர் சொல்லி வந்த பொண்ணுன்னுதானே? என் நிரல யாரு படிப்பாங்க? பிரமாதம், அப்பாவுக்கு சலாம் சொல்லுன்னுதானே வரும்?"

"நான் படிப்பேன்."

"நீங்க படிப்பீங்க. இனிமே நீங்க தப்புன்னு சொன்னா, பயப்படலன்னு காட்டிக்கச் சொல்றீங்களோன்னு எனக்குச் சந்தேகம் வரும். பிரமாதம்னு சொன்னா, பரிதாபப்பட்டுச் சொல்றீங்களோன்னு வரும். உங்க வியாதி எனக்கும் ஒட்டிக்கும்."

லுப்னா அவள் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. இந்த மாதிரி வேலை சீக்கிரத்துல கெடைக்காது."

"எனக்கு இந்த வேலை ரொம்ப வேணும் அக்கா." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு மாசமா வேற எங்கயும் போடாம இதுக்குக் காத்திருந்தேன். இந்தத் தாளப் பத்தி ஒருத்தி சொன்னா, அதுக்காகவே வந்தேன். ஆனா எங்க அப்பா பேரு வேலை செய்யாத எடம் இந்த ஊர்ல ஒண்ணாவது இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். அடிங்க உஸ்தாத். நான் இருக்கும்போதே அடிங்க."

ஸுஹைப் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பதினேழு பேரை அடித்த கை அது. இன்றைக்கு அந்த ஒரு விசையை அழுத்த அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. பெயரின் மேல் கோடு விழுந்ததை அவள் நின்று பார்த்தாள். பிறகு மேல்கோட்டின் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, இருவருக்கும் சலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

லுப்னா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் போய் துபாய்க்கு எழுத உட்கார்ந்தாள்.

ஸுஹைப் கணினித் தாளின் தலைமாட்டில், மஃமூனுக்கும் மேலே, புதிதாக ஒரு வரி சேர்த்தான். செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு நாற்பது. பேசியவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினான்.

எழுதி முடித்த கையோடு போன் அடித்தது. தெரியாத எண். பன்னிரண்டாவது ஆள் என்று நினைத்து அலுப்போடு எடுத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நான் ரனீமோட அப்பா பேசறேன்."

ஸுஹைப் எழுந்து நின்றுவிட்டான். "வ அலைக்குமுஸ்ஸலாம், அபு நிஸார்."

"பயப்படாத, சிபாரிசுக்கு வரல." கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார், பக்கத்து அறையில் யாரோ இருப்பதைப் போல. "தனக்காக யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எம் பொண்ணு பேங்க விட்ட அன்னைக்கே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. வாழ்க்கையில மொதல் தடவையா நான் ஒருத்தருக்கும் பேசாம இருக்கேன்ப்பா. கஷ்டமாத்தான் இருக்கு. உங்க எடத்துக்கு வந்ததே நேத்து இனிப்பு கொண்டுவந்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்னுதான் கூப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சுடறேன். தனியா அவ எப்படிப் பண்ணா?"

"நல்லாப் பண்ணாங்க. மூணு வருஷத்துல இந்த அளவுக்கு யாரும் பண்ணல. ஒரே ஒரு தப்பு."

"தப்பா? அத அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நல்லாயிரு," என்றார் கிழவர். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப வேலை கெடச்சுடுச்சா?"

"இல்ல, அபு நிஸார். பேர அடிச்சாச்சு."

"ஏன்? நல்லாப் பண்ணாங்கன்னு சொன்னியே?"

"அவங்க வந்து போன அன்னைக்கே ஒருத்தன் அவங்களப் பத்தி வெளியில பேசிட்டான். அவனாலதான் பதினொரு பேர் வரிசையா பேசினாங்க."

கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நானே வாய மூடிக்கிட்டு இருந்தேனே... எம் பொண்ணு வாயில மண்ணள்ளிப் போட்ட அந்தப் பாவி யாருப்பா?"

ஸுஹைப் திரையில் முதல் வரியைப் பார்த்தான்.

"நான்தான்," என்றான்.